சிறு வண்டியும் பெரு வண்டியும்

வரலாறு என்றவுடன் அரசர்களையும் போர்களையும் உடன்படிக்கைகளையும் நினைப்பது நம் வழக்கம். காஞ்சிபுரத்தில் பிறந்த என் போன்றோர்க்கு அவ்வழக்கம் சற்று மிகுதியாகவே உண்டு. பல்லவர் எழுப்பிய கைலாசநாதர் கோயிலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன், வரலாறு கல்லில்தான் எழுதப்பட்டிருக்கிறது என்று நம்பிவிடுவது இயல்பே. ஆனால் அது இரும்பிலும் எழுதப்படுகிறது. பட்டு நூலிலும் எழுதப்படுகிறது. படிக்கத் தெரிந்தவனுக்கு ஒரு பழைய மோட்டார் வண்டியும் ஒரு கல்வெட்டே ஆகும்.

இன்று இரண்டு அமெரிக்க மோட்டார் வண்டிகளை ஒப்பிட்டுப் பேச எண்ணுகிறேன். ஒன்று சிறியது, ஒன்று பெரியது. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய அரை நூற்றாண்டு இடைவெளி. இவ்விரண்டையும் 1968ஆம் ஆண்டில், என் பத்தாம் வயதில், ஒரே வீட்டில் ஒரே நாளில் கண்டேன்.

என் தந்தையார் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் பட்டுப் புடவை நெய்தவர். சொந்தமாகப் பட்டும் ஜரிகையும் வாங்கி நெய்யும் வசதி அவருக்கு இல்லை. பட்டு வணிகர் ஒருவரிடம் நூலும் ஜரிகையும் பெற்று, நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார். நெய்து முடித்த புடவையை மடித்து எடுத்துக்கொண்டு அவர் முதலாளி வீட்டுக்குப் புறப்படும்போது நானும் உடன் செல்வதுண்டு. அவ்வீட்டின் பின்கட்டில் ஒரு வண்டிக் கொட்டகை இருந்தது. அங்கே உடைந்த மாட்டுவண்டிச் சக்கரங்களுக்கும் விறகுக் கட்டுகளுக்கும் நடுவே ஒரு கறுப்பு மோட்டார் வண்டி நின்றது. துணிக்கூரை கிழிந்து, விளக்குகள் கழன்று, ஓட்டுநர் இருக்கையில் கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. முதலாளியின் தந்தையார் காலத்தில் வாங்கிய வண்டி அது. ஃபோர்டு நிறுவனத்தின் ‘மாடல் டி’ அதுவே என்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்தேன்.

அன்று அவ்வீட்டு வாசலில் வேறொரு வண்டியும் நின்றது. சென்னையிலிருந்து திருமணத்திற்குப் பட்டு எடுக்க வந்திருந்த ஒரு குடும்பத்தின் வண்டி. வெளிர் நீல நிறம். பின்புறத்தில் பறவை சிறகு விரித்தாற்போன்ற இரண்டு தகடுகள். அவற்றின் கீழே பூனைக் கண்களைப் போன்ற இரு சிவப்பு விளக்குகள். 1959ஆம் ஆண்டு செவர்லே இம்பாலா. இத்தகைய வண்டிகளை அக்காலத்து மக்கள் ‘படகுக் கார்’ என்றே அழைத்தார்கள். தெருப் பிள்ளைகள் எல்லோரும் அதைச் சூழ்ந்து நின்றோம். என் தந்தையார் அதன் தலை முதல் வால் வரை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, “ஆறு கஜப் புடவையை விரிச்சா இந்த வண்டி நீளம் வரும்டா. கொட்டகையில நிக்கிறது நாலு கஜம்கூட இருக்காது” என்றார்.

நெசவாளியின் கண் அளவு பிழைப்பதில்லை. பின்னாளில் நூல்களைப் புரட்டிப் பார்த்தேன். அந்த இம்பாலாவின் நீளம் ஏறத்தாழ பதினேழரை அடி. ஆறு கஜம் என்பது பதினெட்டு அடி. மாடல் டியின் நீளம் பதினோரு அடியைச் சற்றே கடக்கும். சிறிய வண்டியின் எடை, காலத்திற்கும் அமைப்புக்கும் ஏற்ப 540 கிலோகிராம் முதல் 750 கிலோகிராம் வரை; பெரியதன் எடையோ 1,600 கிலோகிராமுக்கு மேல். சிறியதன் எந்திரத்தில் சிலிண்டர் எனப்படும் உருளைகள் நான்கு. ஆற்றல் 20 குதிரைத் திறன். பெரியதில் எட்டு உருளை எந்திரம் பொருத்தப்பட்டால், அதன் தொடக்க ஆற்றலே 185 குதிரைத் திறன்.

எண்கள் இவ்வளவே. ஆனால் எண்களோடு நின்றுவிடுபவன் வரலாறு படித்தவன் ஆகான். ஒரு பொருளை அறிய விரும்புபவன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று என் மாணவர்களுக்குச் சொல்லி வந்தேன். அது யாருக்காகச் செய்யப்பட்டது? அதை எப்படிச் செய்தார்கள்? செய்தவன் கைக்கு அது எட்டியதா? இம்மூன்றையும் நம் இரு வண்டிகளிடமும் கேட்போம்.

மாடல் டி 1908ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் வெளிவந்தது. அதற்கு முன் மோட்டார் வண்டி செல்வர்களின் விளையாட்டுப் பொருளாகவே இருந்தது. ஹென்றி ஃபோர்டு உழவர் குடியில் பிறந்தவர். அமெரிக்க நாட்டுப்புறச் சாலைகள் அன்று சேறும் பள்ளமுமாகக் கிடந்தன. அச்சாலைகளில் செல்லத்தக்கதாக, தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் எளிய வண்டியொன்றை அவரும் அவருடைய பொறியாளர்களும் வடிவமைத்தனர். வனேடியம் கலந்த எஃகைப் பயன்படுத்தியதால் எடை குறைந்தும் உறுதி குறையவில்லை. பழுது நேர்ந்தால் உழவனே சுத்தியும் திருகியும் கொண்டு சரிசெய்துகொள்ளலாம். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, வார்ப்பட்டை மாட்டி, மரம் அறுக்கவும் தண்ணீர் இறைக்கவும்கூட இவ்வண்டியைப் பயன்படுத்தினார்கள்.

ஓட்டும் முறை இன்றையோர்க்கு வியப்பளிக்கும். காலடியில் மூன்று மிதிகள் உண்டு. ஆனால் அவற்றுள் ஒன்றுகூட வேகத்தைக் கூட்டுவதற்கு உரியதன்று. இடப்பக்க மிதி முன்செல்லும் இரு கதிகளை மாற்றுவதற்கு. நடு மிதி பின்னோக்கிச் செல்வதற்கு. வலப்பக்க மிதி நிறுத்துவதற்கு. வேகம் கூட்ட, திசைச் சக்கரத்தின் கீழே கையால் தள்ளும் ஒரு நெம்பி இருந்தது. தொடக்கத்தில் முன்புறக் கைப்பிடியைச் சுழற்றித்தான் எந்திரத்தை எழுப்ப வேண்டும். எந்திரம் எதிர்த்து உதைத்தால் கை முறிவதும் உண்டு. 1919ஆம் ஆண்டிலிருந்துதான் மின்விசையால் எழுப்பும் வசதி வந்தது. எரிநெய் தன் எடையால் தானே வழிந்து எந்திரத்தை அடையும் அமைப்பாதலின், கலத்தில் எண்ணெய் குறைந்திருக்கும் வேளையில் செங்குத்தான மேட்டில் ஏறினால் எந்திரம் நின்றுபோகும். ஆகவே ஓட்டுநர் வண்டியைத் திருப்பிப் பின்புறமாகவே மேடேறுவார்! இத்தனை சங்கடங்களையும் மக்கள் பொறுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த முதல் வண்டி அது.

இனி, செய்த முறையைப் பார்ப்போம். 1913ஆம் ஆண்டில் ஹைலண்டு பார்க் என்னுமிடத்து ஆலையில் ஃபோர்டு நிறுவனத்தார் ஒரு மாறுதலைப் புகுத்தினார்கள. வண்டியை நோக்கித் தொழிலாளி நடப்பதற்குப் பதிலாக, தொழிலாளி நின்ற இடத்திற்கு வண்டி நகர்ந்து வந்தது. ஒருவன் ஒரு மரையைப் பொருத்துவான். அடுத்தவன் அதை முறுக்குவான். முன்பு ஒரு வண்டியின் அடிச்சட்டத்தைப் பூட்டுவதற்குப் பன்னிரண்டரை மணி நேரம் சென்றது. புதிய முறையில் 93 நிமிடங்களே போதுமாயின. விலை ஆண்டுதோறும் சரிந்தது. 1908இல் 850 டாலர் விலை சொன்ன பயண வண்டி, 1916இல் 360 டாலருக்கு இறங்கியது. 1914 முதல் 1925 வரை கறுப்பு வண்ணம் ஒன்றே பூசப்பட்டதும் இச்சிக்கனத்தின் ஒரு கூறே.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் நாம் மறைத்தல் ஆகாது. நாள் முழுதும் ஒரே மரையை முறுக்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் சலித்துப்போய் ஆலையை விட்டு ஓடினார்கள். 1913ஆம் ஆண்டில் நூறு வேலைகளை நிரப்புவதற்கு, வருவோரும் போவோருமாக, ஆண்டுக்கு 370 பேருக்கு மேல் சேர்க்க வேண்டியிருந்தது. இந்நிலையில்தான் 1914 ஜனவரியில், எட்டு மணி நேர வேலைக்கு நாளொன்றுக்கு ஐந்து டாலர் என்ற அறிவிப்பு வந்தது. முன்பிருந்த ஊதியத்தைப் போல் அது ஏறத்தாழ இரு மடங்கு. கருணை மட்டும் இதற்குக் காரணம் அன்று. ஆட்கள் தங்கவேண்டும் என்ற தேவையும் காரணம். அந்த ஊதியம் எல்லோர்க்கும் உடனே கிட்டவும் இல்லை. தொழிலாளியின் வீட்டுப் பழக்கங்களைக்கூட நிறுவனத்தார் வந்து விசாரித்தனர். ஆயினும் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு ஐந்து டாலர் பெற்றவனுக்கு, 360 டாலர் வண்டி என்பது 72 நாள் கூலி. தான் முறுக்கிய மரை உள்ள வண்டியைத் தானே வாங்கி, மனைவி மக்களை ஏற்றிச் செல்லும் நிலை அவனுக்கு வாய்த்தது. மூன்றாம் கேள்விக்குச் சிறு வண்டி தந்த விடை இது.

ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்தபின், 1927ஆம் ஆண்டு மே மாதம் மாடல் டியின் உற்பத்தி முடிந்தது. வீழ்ச்சிக்குக் காரணம் என்ன? மாறாமையே காரணம். பத்தொன்பது ஆண்டுகள் அடிப்படையில் ஒரே வண்டி. இதற்கிடையே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் வேறு வழியில் சென்றது. அதன் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன், மக்களுக்கு வண்டி மட்டும் போதாது, சென்ற ஆண்டு வண்டியினும் புதிய வண்டி வேண்டும் என்ற ஆசையையும் ஊட்டினார். வண்ணங்கள் பெருகின, வடிவங்கள் ஆண்டுதோறும் மாறின, தவணை முறையில் வாங்கும் ஏற்பாடும் பரவியது. 1927இல் அந்நிறுவனத்தின் செவர்லே வண்டி விற்பனையில் ஃபோர்டை முந்திற்று. நம் பெரிய வண்டியின் பிறப்பு இங்கேதான் தொடங்குகிறது. சிறு வண்டியின் தோல்வியில் முளைத்த விதைதான் பிற்காலத்தில் இம்பாலாவாக விளைந்தது.

இம்பாலா என்பது ஆப்பிரிக்க நாட்டில் துள்ளியோடும் மான் போன்ற ஒரு விலங்கின் பெயர். 1958ஆம் ஆண்டில் அப்பெயருடன் செவர்லே வண்டி வெளிவந்தது. மறு ஆண்டே வடிவம் முற்றிலும் மாறிச் சிறகு முளைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய அமெரிக்காவில் எரிநெய் மலிவு. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 41,000 மைல் நெடுஞ்சாலைகள் திட்டமிடப்பட்டிருந்தன. மக்கள் நகரை விட்டுப் புறநகர்களில் குடியேறினர். அகன்ற சாலைக்கு அகன்ற வண்டி. நீண்ட பயணத்திற்கு மெத்தை போன்ற இருக்கை. கதி மாற்றும் வேலையைத் தானே செய்துகொள்ளும் எந்திர அமைப்பும் விரும்பியவர்க்குக் கிடைத்தது. சிறகு மட்டும் எதற்காக என்று கேட்டால், பார்ப்பதற்காக என்பதன்றி வேறு விடை இல்லை.

இங்கே ஒரு தவறான முடிவுக்கு நாம் தாவிவிடக் கூடாது. பெரிய வண்டி ஆதலால் அது அங்கும் பெருஞ்செல்வர் வண்டி என்று எண்ணிவிடாதீர்கள். செவர்லே அந்நிறுவனத்தின் மலிவான வரிசை. 1959இல் இம்பாலாவின் விலை 2,600 டாலரை ஒட்டித் தொடங்கியது. 1965ஆம் ஆண்டில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இம்பாலாக்கள் விற்றன. அமெரிக்க ஆசிரியனும் ஆலைத் தொழிலாளியும் தவணையில் வாங்கி ஓட்டிய வண்டி அது.

அவ்வண்டி கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்தபோதுதான் அதன் பொருள் மாறியது. மாடல் டி இந்தியாவுக்கு வந்தது கனடா நாட்டு ஃபோர்டு ஆலையின் வழியாக. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் பெரும்பாலானவற்றுக்கு அங்கிருந்தே வண்டிகள் அனுப்பப்பட்டன. பின்னர் 1928இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயிலும், 1930இல் ஃபோர்டு சென்னையிலும் உறுப்புகளை வரவழைத்து வண்டி பூட்டும் ஆலைகளை நிறுவின. விடுதலைக்குப் பின், உறுப்புகளையும் இந்நாட்டிலேயே செய்யும் திட்டமுடைய நிறுவனங்களே இங்கு வண்டி செய்யலாம் என்ற கொள்கையை அரசு 1953இல் மேற்கொண்டது. அவ்விரு நிறுவனங்களும் ஆலைகளை மூடிச் சென்றன. அயல்நாட்டு வண்டிகளுக்குச் சுங்கவரி மிகுந்தது. எனவே இம்பாலா இங்கே திரைப்பட நடிகர்களிடமும் பெருவணிகர்களிடமும் மட்டுமே தென்பட்டது. டெட்ராய்டில் தொழிலாளி ஏறிய வண்டியைக் காஞ்சியில் தொழிலாளி அடியளந்துதான் பார்க்க முடிந்தது.

பெரிய வண்டியின் காலமும் நிலைக்கவில்லை. 1973 அக்டோபரில் மேற்காசியப் போரை ஒட்டி அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை மட்டுப்படுத்தின. மூன்று டாலர் அளவில் இருந்த ஒரு பீப்பாய் எண்ணெயின் விலை, சில திங்களுக்குள் பன்னிரண்டு டாலரை நெருங்கியது. 1977ஆம் ஆண்டு இம்பாலா, முந்திய ஆண்டு வண்டியைவிட நீளத்திலும் எடையிலும் குறைந்து வெளிவந்தது. நம் நாட்டில் படகுக் கார் வைத்திருந்தவர்களுள் சிலர் அதன் எந்திரத்தைக் கழற்றிவிட்டு டீசல் எந்திரம் பூட்டிக்கொண்டார்கள். மாறாததால் சிறியது வீழ்ந்தது. மாறுவதற்காகவே மாறிப் பெருத்ததால் பெரியது தளர்ந்தது. இரண்டும் நமக்குப் பாடமே.

இனி என் வீட்டுத் தறிக்குத் திரும்புகிறேன். காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வை. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் நெய்யப்பட்டு, இழைக்கு இழை பின்னிக்கொள்ளும். அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளிக்குத் துணையாக இன்னொருவரும் வேண்டும். பள்ளி விட்டு வந்தபின் அத்துணையாளாக அமர்ந்து கரை நாடாவை எறிந்தவன் நான். ஒரு புடவை முடியப் பதினைந்து நாளும் ஆகும். வேலைப்பாடு மிகுந்தால் ஒரு திங்களும் ஆகும். டெட்ராய்ட் தொழிலாளிக்கு ஒரு மரை மட்டுமே தெரியும். என் தந்தையாருக்கோ புடவை முழுதும் தெரியும். கையின் பெருமையில் என் தந்தையாரே உயர்ந்தவர். ஆனால் என் மூன்றாம் கேள்வியை அவரிடம் கேட்டால்? என் தாயார் வாழ்நாளில் பருத்திப் புடவையே உடுத்தினார். திருமணத்தன்று உடுத்திய ஒரு பட்டுப் புடவை இருந்தது. அதுவும் ஒரு கடனைத் தீர்ப்பதற்காக விற்கப்பட்டது.

இன்று காஞ்சிபுரத்தின் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் அருகேயுள்ள ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் ஆலை வேலைக்குச் செல்கிறார்கள். அங்கும் ஆலைகள் வருகின்றன, போகின்றன. ஃபோர்டு நிறுவனமே மீண்டும் வந்து, அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த மறைமலை நகரில் ஆலை அமைத்து, 2022இல் அங்கே கார் செய்வதை நிறுத்தியது. ஜெனரல் மோட்டார்ஸும் திரும்பி வந்து, 2017இன் இறுதியில் இந்தியாவில் விற்பனையை நிறுத்திக்கொண்டது. ஆகவே ஆலை என்றாலே வாழ்வு என்றும், தறி என்றாலே வறுமை என்றும் நான் சொல்ல வரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மோட்டார் ஆலையில் வேலை செய்யும் என் பழைய மாணவன் தவணையில் ஒரு சிறு கார் வாங்கி, என்னிடம் காட்டக் கொண்டுவந்தான். அவன் தந்தையார் இன்றும் கூலிக்குக் கோர்வை நெய்பவர். முன் இருக்கையில் அமர்ந்திருந்தார். பின்னிருக்கையில் தாயார்.

“நீ செய்யும் வண்டியா இது?” என்று கேட்டேன்.

“ஆமாம் சார். கதவுக்குப் பக்கத்துல நாலு போல்ட்டு மட்டும் என் வேலை. இதுல போட்டதும் நானாகூட இருக்கலாம்” என்று சிரித்தான். “அடுத்தது அம்மாவுக்கு அப்பா நெய்யற புடவைல ஒண்ணு எடுக்கணும் சார்.”

அவன் தந்தையார் என்னைப் பார்த்துச் சொன்னார்: “கடையிலதான் வாங்கணும் சார். தறியில இருக்கிறது நம்மது இல்லையே.”

மாணவ நண்பர்களே, நாளை உங்களுள் சிலர் ஆலை நடத்துவீர்கள். சிலர் சட்டம் இயற்றுவீர்கள். பலர் பொருள்களை வாங்குவீர்கள். பொருளின் நீளத்தையும் மினுக்கையும் அளந்த பிறகு, அந்த மூன்றாம் கேள்வியையும் மறவாமல் கேளுங்கள். ஒரு காலத்தின் உயர்வை அளக்கும் கோல் அதுவே என்று நான் கருதுகிறேன்.